ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் நாமளே மாத்துறது எப்படி: முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

எஞ்சின் ஆயிலை நாமளே மாத்துற ஆளுங்கள்ல பாதிப்பேரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்னு பேச்சு வந்ததும் மெதுவா ஒதுங்கிடுவாங்க, தொட்டாலே கெட்டுப்போயிடும்ங்கிற மாதிரி ஒரு பயம். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு காருக்கு அடியில படுத்து பேனை, அதாவது கியர்பாக்ஸோட அடியில ஆயில் தங்குற தொட்டி மாதிரியான மூடியைக் கழட்டினப்புறம்தான் புரிஞ்சுது, கழட்டுறது, ஃபில்டர் மாத்துறது, திரும்ப மாட்டுறது எல்லாம் ஒரு விஷயமே இல்ல, ஒரு ராட்செட்டும் பொறுமையும் இருந்தா நடந்துடும். ஆனா ஊத்தின ஆயில் உள்ள சரியான அளவுல நிக்குதான்னு பாக்குறது இருக்கே, மொத்த வேலையும் அதுலதான் அடங்கி இருக்கு. புதுசா பண்றவங்க சொதப்புறதும் அங்கதான்.

உங்க கியர்பாக்ஸ் எந்த வகைன்னு பாருங்க

கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாத்தையும் நாம ஆட்டோமேட்டிக்னு ஒரே பேர்ல கூப்பிடுறோம், ஆனா உள்ள இருக்குறது நாலு விதமான சாமான். ஏஎம்டின்னா அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஒரு மெஷின் நமக்காக மாத்துது, அதுக்கு ஊத்துறது கியர் ஆயில், இந்தக் கட்டுரையில வர்ற ஃபில்டர் பேன் கதையெல்லாம் அதுக்குக் கிடையாது. சிவிடின்னா ரெண்டு புல்லிக்கு நடுவுல பெல்ட் ஓடுற டைப், அதுக்குத் தனி ஆயில். டூயல் கிளட்சுக்கும் அதேபோல தனி ஆயில். நாலாவது, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினோட இழுவையை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற சாதனம்) வச்ச பழைய பாணி ஆட்டோமேட்டிக், நான் இங்க பேசப்போறது இதைப் பத்திதான். சிவிடியில கூட பேன், ஃபில்டர், சூடு பாத்து அளவு வைக்கிறதுன்னு நிறைய விஷயம் ஒத்துப்போகும், ஆனா ஆயிலை மட்டும் மாத்தி ஊத்திடாதீங்க, சிவிடியில பெல்ட் புல்லியைப் பிடிச்சுக்கிறதுக்கே அந்த ஆயில்தான் உதவி பண்ணுது, அதுல சாதா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊத்தினா பெல்ட் வழுக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் புல்லியில கோடு விழுந்து மொத்த பாக்ஸும் போச்சு.

இன்னொன்னு, எல்லா டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸ்லயும் ஃபில்டரை வெளிய எடுக்க முடியாது. ஹோண்டாவோட பல ஆட்டோமேட்டிக்ல உள் ஃபில்டரைத் தொடணும்னா கியர்பாக்ஸையே பிரிக்கணும், அதனால அங்க ஆயிலை இறக்கி ஊத்துறதோட நம்ம வேலை முடிஞ்சுது. ஜெர்மனியோட இசட்எஃப் தயாரிச்சு பல கம்பெனி கார்கள்ல வர்ற 6 ஸ்பீடு, 8 ஸ்பீடு பாக்ஸ் பலதுல பிளாஸ்டிக் பேனும் ஃபில்டரும் ஒட்டின மாதிரி ஒரே பீஸா வரும், ஃபில்டர் மாத்தணும்னா முழு பேனையும் புதுசா வாங்கணும். சில வண்டிகள்ல எஞ்சின் ஆயில் ஃபில்டர் மாதிரியே வெளிய ஒரு டப்பா ஃபில்டர் திருகி இருக்கும். உங்க வண்டியில எதுன்னு சர்வீஸ் மேனுவல்ல பாத்துட்டு அப்புறம் பார்ட் வாங்குங்க.

மாத்தியே ஆகணுமா?

இந்த ஆயில் ஒரே நேரத்துல நாலஞ்சு வேலை செய்யுது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ள எஞ்சினோட இழுவையை கியர்பாக்ஸுக்குக் கடத்துறது இதுதான், வால்வ் பாடியில (ஆயிலை எந்தப் பக்கம் விடணும்னு பாக்குற வால்வுங்க இருக்குற பகுதி) பிரஷரா நின்னு கியரை மாத்துறதும் இதுதான், கிளட்ச் பிளேட்டு எவ்வளவு பிடிக்கணும் எவ்வளவு வழுக்கணும்ங்கிறதும் இதோட குணத்தைப் பொறுத்ததுதான், அது போக உராய்வைக் குறைக்கணும், சூட்டையும் வெளிய கொண்டுபோகணும். இவ்வளவு வேலை பாத்தா எந்த ஆயிலும் ஒரு நாள் களைச்சுப்போகும். சூடுதான் இதுக்கு முதல் எதிரி. சுமார் 80 டிகிரியைத் தாண்டினா ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலோட ஆயுசு பாதியா குறையும்னு மெக்கானிக்குங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க. டிராஃபிக்ல ஊர்ந்துக்கிட்டே இருக்குற வண்டி, மலை ஏறுற வண்டி, டிரெய்லர் இழுக்குற வண்டிக்கெல்லாம் சீக்கிரமே மாத்தணும்னு சொல்றது இதனாலதான்.

"ஆனா என் வண்டி மேனுவல்ல லைஃப்டைம் ஆயில்னு போட்டிருக்கே"ன்னு கேப்பீங்க. நிறைய கம்பெனி அப்படித்தான் போடுறாங்க. ஆனா அந்த கியர்பாக்ஸைத் தயாரிச்சுக் கொடுக்குற இசட்எஃப்பே, ஓட்டுற விதத்தைப் பொறுத்து 80,000-லிருந்து 120,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைன்னா 8 வருஷத்துக்குள்ள மாத்துங்கன்னு சொல்றாங்க. செஞ்சவனே சொல்றப்போ நான் அவன் பேச்சைத்தான் கேப்பேன். நான் என் வண்டிக்கு 60,000 கிலோமீட்டர்னு வச்சிருக்கேன், மேனுவல்ல அதைவிடக் கம்மியா போட்டிருந்தா அதைத்தான் பின்பற்றணும்.

ஆனா ஒன்னு, கியர் ஏற்கெனவே வழுக்குது, டி போட்டா ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் வண்டி நகருது, ஆயிலை மோந்து பாத்தா தீய்ஞ்ச நாத்தம் அடிக்குதுன்னா ஆயில் மாத்தினா சரியாயிடும்னு நம்பி இறங்காதீங்க. முதல்ல அளவு கம்மியா இருக்கான்னு மட்டும் பாருங்க, ஏன்னா அளவு குறைஞ்சாலும் இதே அறிகுறிதான் வரும். அளவு சரியா இருந்தும் வழுக்குதுன்னா கிளட்ச் தேய்ஞ்சிருக்கு, அது பிரிச்சுப் பாக்குற கேஸ். ஆயில் மாத்தினதும் கியர்பாக்ஸ் செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்ற கதையில முக்கால்வாசி, ஏற்கெனவே சாகக்கிடந்த பாக்ஸுக்குக் கடைசி நேரத்துல ஆயில் மாத்தின கதைதான்னு என் அபிப்பிராயம். ஆயில் பிங்க் கலர்ல பால் கலந்தாப்ல தெரிஞ்சா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, ரேடியேட்டருக்குள்ள இருக்குற ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கு, கிளட்ச் பிளேட்ல ஒட்டியிருக்குற லைனிங்கை அது பிரிச்சு எடுத்துடும்.

ஆயில் வாங்குறப்போ

ஏடிஎஃப்னு பேர் போட்டிருந்தா போதும்னு நினைக்காதீங்க. டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, ஹூண்டாய் கியாவுக்கு எஸ்பி-4, கிரைஸ்லருக்கு ஏடிஎஃப் பிளஸ் 4னு ஒவ்வொருத்தரும் ஒரு ஸ்பெக் வச்சிருக்காங்க, ஒன்னோட ஒன்னு கெட்டித்தன்மையிலயும் பிடிப்புலயும் வித்தியாசப்படும். மேனுவல்ல என்ன ஸ்பெக் போட்டிருக்கோ அது, இல்லைன்னா அந்த ஸ்பெக்குக்கு ஒத்துவரும்னு டப்பாவுல தெளிவா எழுதியிருக்குற நல்ல பிராண்டு, இதுல ரெண்டுல ஒன்னு. எல்லா வண்டிக்கும் பொதுவா ஊத்தலாம்னு சொல்ற ஆயிலு, சாதா ஆயிலை ஸ்பெஷல் ஆயிலா மாத்துற குட்டி பாட்டில் இதெல்லாம் நான் தொடுறதில்ல. கலரைப் பாத்தும் முடிவு பண்ணாதீங்க, சிவப்புங்கிறது லீக் ஆனா எஞ்சின் ஆயில் இல்லைன்னு கண்டுபிடிக்கக் கலக்குற சாயம் மட்டும்தான், பச்சை, நீலக் கலர்ல வர்ற சிவிடி ஆயிலெல்லாம் இருக்கு.

எவ்வளவு வாங்கணும்? மேனுவல்ல ரெண்டு அளவு இருக்கும், ஒன்னு மொத்தக் கொள்ளளவு, இன்னொன்னு ஆயிலை இறக்கி ஊத்துறப்போ பிடிக்கிற அளவு. ரெண்டாவதைப் பாத்து வாங்கி, கூடவே ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வச்சுக்குங்க.

சாமான்னு பாத்தா, சாக்கெட் செட், சின்ன அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு காட்டுற ஸ்பானர்), நாலு நல்ல ஜாக் ஸ்டாண்ட், அகலமான ஆயில் தட்டு, அளவுக்கோடு போட்ட ஜக், கழுத்து நீளமான புனல் இல்லைன்னா கைப்பம்பு, பிரேக் கிளீனர், நூல் உதிராத துணி, பிளாஸ்டிக் சுரண்டி, கையுறை, கண்ணாடி. புது ஃபில்டர், அதோட சீல், கேஸ்கெட் (பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒழுகாம அடைக்கிற பட்டை), ஆயில் இறக்குற பிளக்குக்குப் புது வாஷர். அதுபோக வண்டியோட கம்ப்யூட்டர்ல சொருகி ஆயில் சூட்டைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர், இது எதுக்குன்னு பின்னாடி வரும்.

வண்டியைத் தூக்குறது

சமதளமான, கெட்டியான தரையில நிறுத்துங்க. ஜாக் வண்டியைத் தூக்க மட்டும்தான், அதை நம்பி அடியில போகக்கூடாது, ஸ்டாண்ட் வச்சு, வண்டியைப் பிடிச்சு நல்லா ஆட்டிப் பாத்துட்டு அப்புறம்தான் தலையை உள்ள விடணும். முன்பக்கம் மட்டும் தூக்கினா கழட்டுற வேலைக்குப் போதும், ஆனா அளவு பாக்குறப்போ வண்டி மட்டமா நிக்கணும், அதனால நாலு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தூக்கிடுறது நல்லது. அந்த நேரம் எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும், நீங்க அடியில இருப்பீங்க, அதை யோசிச்சு ஸ்டாண்டை வைங்க.

ஒரு அஞ்சு நிமிஷம் வண்டியை ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிட்டு ஆரம்பிச்சா வண்டல் கலந்து நல்லா இறங்கும். நல்லா ஓட்டிட்டு வந்த சூட்டோட கழட்டாதீங்க, அந்த ஆயில் கையில பட்டா தோல் உரிஞ்சு வந்துடும், பக்கத்துலயே சைலன்சர் பைப்பும் கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

முதல்ல ஊத்துற பிளக்கைத் திறங்க

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) இருக்குற வண்டிக்காரங்க இதைத் தாண்டிப் போகலாம். டிப்ஸ்டிக் இல்லாத வண்டின்னா ஆயிலை இறக்குறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக் திறக்குதான்னு பாத்துடுங்க. வருஷக்கணக்கா யாரும் தொடாத பிளக், துருவேறி இறுகிப்போயிருக்கும், தலை உருண்டுபோனாலும் போகும். ஆயிலையெல்லாம் கீழ இறக்கிட்டு அப்புறம் இது திறக்கலைன்னா, ஊத்தவும் வழியில்லாம, ஓட்டிட்டுப் போய் இன்னொருத்தர்கிட்ட காட்டவும் வழியில்லாம வண்டி ஸ்டாண்ட் மேலயே நிக்கும். திறக்கலையா, அன்னைக்கு வேலையை அப்படியே நிறுத்திடுங்க, நஷ்டம் ஒன்னும் இல்ல.

அதேபோல நீங்க கழட்டப்போறது கியர்பாக்ஸ் பிளக்தானான்னு ரெண்டு தடவை பாருங்க. சில வண்டிகள்ல எஞ்சின் ஆயில் பிளக்கும் இதுவும் கொஞ்ச தூரத்துலயே இருக்கும், எஞ்சின் ஆயில் மாத்துறோம்னு நினைச்சு கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிட்டு, எஞ்சின்ல ஏற்கெனவே இருக்குற ஆயில் மேலயே இன்னொரு நாலு லிட்டரை ஊத்தினவங்க நிறைய பேரு இருக்காங்க.

ஆயிலை இறக்குறது

பிளக் இருந்தா ஈஸி, கழட்டினா ஓடி வந்துடும். டொயோட்டாவோட டிப்ஸ்டிக் இல்லாத பாக்ஸ் பலதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கீழ இருக்குற பிளக்கைக் கழட்டினா கொஞ்சம்போல ஒழுகிட்டு நின்னுடும், ஐயையோ ஆயிலே இல்லையான்னு பதறிடாதீங்க, அந்த ஓட்டைக்குள்ள ஸ்ட்ரா மாதிரி ஒரு குட்டிக் குழாய் நின்னுக்கிட்டு இருக்கும், அளவு பாக்குறதுக்கான குழாய் அது, ஆலன் கீயை உள்ள விட்டு அதையும் கழட்டினாதான் மொத்தமா இறங்கும். வேலை முடிஞ்சதும் அந்தக் குழாயை மறக்காம திரும்ப மாட்டணும்.

பிளக்கே இல்லாத பேன்னா கொஞ்சம் நாசூக்கா பண்ணணும். ஒரு பக்கம் இருக்குற போல்ட்டை எல்லாம் கழட்டிடுங்க, எதிர்ப்பக்கம் இருக்குறதை ரெண்டு மூணு சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க, ரப்பர் சுத்தியால பேன் ஓரத்துல லேசா தட்டினா கேஸ்கெட் விட்டுக்கொடுத்து பேன் ஒரு பக்கமா சாயும், அந்த மூலையிலிருந்து ஆயில் தட்டுக்குள்ள இறங்கும். ஸ்க்ரூ டிரைவரை உள்ள விட்டு நெம்பாதீங்க, மேல இருக்குறது அலுமினியம், ஒரு கீறல் விழுந்தாலே ஒழுக ஆரம்பிச்சுடும். முதல் தடவை நான் எல்லா போல்ட்டையும் ஒழுங்கா வட்டமா சுத்திச் சுத்தி லூஸ் பண்ணேன், பேன் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, சரின்னு ஒரு தட்டு தட்டினேன், நாலு பக்கமும் ஒரே நேரத்துல விட்டுச்சு, மூணு லிட்டர் ஆயிலும் முழங்கை வழியா சட்டைக்குள்ள போயிடுச்சு.

இறங்கின ஆயிலை ஜக்குல ஊத்தி எவ்வளவுன்னு எழுதி வைங்க. ஃபில்டரைக் கழட்டுறப்போ இன்னும் கொஞ்சம் கொட்டும், அதையும் சேர்த்துக்குங்க.

பேன் சொல்ற கதை

இந்த வேலையில எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். பேனோட உள் தரையில ரெண்டோ நாலோ காந்தம் ஒட்டியிருக்கும், அது மேல சாம்பல் கலர்ல பசை மாதிரி ஒன்னு முள்ளு முள்ளா நிக்கும். அதை விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி வழுவழுன்னு, நறநறப்பே இல்லாம இருந்தா அது சாதாரணத் தேய்மானம், பயப்பட ஒன்னுமில்ல, எவ்வளவு நல்லா ஓட்டினாலும் இது வரத்தான் செய்யும். விரல்ல குத்துற மாதிரி சீவல், துணுக்கு, உடைஞ்ச துண்டு ஏதாவது கிடைச்சா உள்ள ஏதோ ஒரு கியரோ பேரிங்கோ தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். காந்தத்துல ஒட்டாம பேன் தரையில தங்கம் மாதிரி மினுக்குற பொடி கிடந்தா அது புஷ்ஷிங் (சுத்துற தண்டைத் தாங்குற வளையம்), வாஷரோட பித்தளை, வெண்கலச் சமாச்சாரம், அதுவும் நல்ல செய்தி கிடையாது. கறுப்பா மெல்லிசா வண்டல் கொஞ்சம் படிஞ்சிருந்தா கிளட்ச் லைனிங் தேய்ஞ்ச தூசி, கொஞ்சம் இருக்கலாம், வழிச்சு எடுக்குற அளவுக்கு இருந்தா கிளட்ச் நாளை எண்ணிக்கிட்டு இருக்கு. கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

பாத்து முடிச்சதும் காந்தத்தை எடுத்துத் துடைச்சு, பேனை பிரேக் கிளீனர்ல கழுவி, காந்தத்தை அது இருந்த அதே இடத்துல வைங்க. இடம் மாத்தி வச்சா ஃபில்டர்ல இடிக்கலாம்.

ஃபில்டரும் அந்தப் பழைய சீலும்

ஃபில்டரை ரெண்டு மூணு போல்ட்டோ கிளிப்போ பிடிச்சிருக்கும், சிலதுல வெறும் சீலோட இறுக்கத்துலயே நிக்கும், மெதுவா ஆட்டிக்கிட்டே கீழ இழுத்தா வந்துடும். போல்ட் நீளம் ஒன்னுக்கொன்னு வித்தியாசமா இருக்கலாம், ஒரு அட்டையில ஃபில்டர் படம் வரைஞ்சு, எது எங்கிருந்து வந்துச்சோ அங்கயே குத்தி வச்சுடுவேன் நான்.

இப்போ மேல பாருங்க. ஃபில்டரோட கழுத்து போய் உக்கார்ற ஓட்டையில பழைய சீல் ஒட்டிக்கிட்டு அங்கயே தங்கிடும், கறுப்பா, அந்த ஓட்டையோட ஒரு பாகம் மாதிரியே தெரியும், டார்ச் அடிச்சு விரலை விட்டுத் தடவினாதான் தெரியும். ரெண்டாவது தடவை பண்றப்போ நான் இதைக் கவனிக்கல, பழைய சீல் மேலயே புது சீலை அழுத்தி ஏத்திட்டேன், கொஞ்சம் டைட்டா இருக்கேன்னு நினைச்சேனே தவிர ஏன்னு யோசிக்கல. வண்டியை ஸ்டார்ட் பண்ணா கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர் கொடுத்தா சத்தமும் ஏறுது, டி போட்டா தயங்கித் தயங்கி நகருது. அளவு சரியாத்தான் இருக்கு. ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு கடைசியில திரும்ப பேனை இறக்கிப் பாத்தா, சீல் கோணலா உக்காந்து ஃபில்டர் முழுசா ஏறவே இல்ல, பம்பு ஆயிலோட காத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. பம்பு தப்பிச்சது என் அதிர்ஷ்டம்.

அதனால பழைய சீலை எடுத்து கையில வச்சுப் பாத்துட்டுத்தான் புதுசை ஏத்தணும். எடுக்குறப்போ ஓட்டையோட சுவர்ல கீறல் விழக்கூடாது, மழுங்கின கொக்கியால ஓரத்தை உள்பக்கமா மடக்கி இழுங்க. புது சீல்ல கொஞ்சம் புது ஏடிஎஃப் தடவி நேரா அழுத்தி ஏத்துங்க, கிரீஸ் வேண்டாம். இதெல்லாம் பண்றப்போ மேல தெரியுற வால்வ் பாடி, வயர், சென்சர் எதையும் தொடாதீங்க, ஒரு நூல் இழை போய் வால்வ்ல சிக்கினாலும் கியர் மாறுறதுல குளறுபடி வரும், நூல் உதிராத துணின்னு சொன்னது இதுக்குத்தான்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க, வெட்டித் திறந்து பாருங்க, பேன் சொன்ன கதையோட மிச்சம் அதுக்குள்ள இருக்கும்.

பேனைத் திரும்ப மாட்டுறது

ரெண்டு பக்கமும் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருக்கக் கூடாது, பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க. தகர பேன்னா போல்ட் ஓட்டை ஓரமெல்லாம் முன்னாடி யாரோ ஓவரா முறுக்கி மேல குழிஞ்சு போயிருக்கும், ஒரு மரக்கட்டை மேல வச்சு சுத்தியால தட்டிச் சமமாக்குங்க. கேஸ்கெட் இருக்குற பேன்னா கேஸ்கெட் மட்டும் போதும், அது மேல சிலிகான் பேஸ்ட் வேற தடவாதீங்க, பிதுங்கி உள்ள விழுந்த துணுக்கு நேரா ஃபில்டர் வாயிலதான் போய் ஒட்டும். கேஸ்கெட்டே இல்லாம பேஸ்ட்ல ஒட்டுற டிசைன்னா மட்டும் மேனுவல்ல சொன்ன பேஸ்டை, சொன்ன கனத்துல, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்திப் போடுங்க.

எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலேயே திருகுங்க, அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு எதிரெதிரா ரெண்டு மூணு ரவுண்டுல இறுக்குங்க. இதெல்லாம் குட்டி போல்ட்டு, பெரும்பாலும் 8-லிருந்து 12 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், உங்க வண்டிக்கான எண்ணை மேனுவல்ல பாருங்க. பெரிய ராட்செட்டை வச்சு ஒரு முறுக்கு முறுக்கினா அலுமினியம் மரை உரிஞ்சு வந்துடும், இல்லைன்னா கேஸ்கெட் பிதுங்கி, ஒழுகக்கூடாதுன்னு இறுக்கினதே ஒழுகும்.

இப்பதான் நிஜமான வேலை: அளவு

எவ்வளவு இறங்குச்சுன்னு எழுதி வச்சீங்களே, அதைவிட அரை லிட்டர் கம்மியா முதல்ல ஊத்துங்க. பழைய அளவு சரியா இருந்துச்சுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அதனால அது ஒரு ஆரம்பப் புள்ளி மட்டும்தான். அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் பண்ணாம, பிரேக்கை அழுத்திக்கிட்டு பி, ஆர், என், டின்னு ஒவ்வொன்னுலயும் நாலஞ்சு செகண்டு நிறுத்திட்டு பி-க்கு வாங்க. வண்டி ஸ்டாண்ட்ல நிக்குதுன்னா மெதுவா, ஆக்சிலரேட்டர் தொடாம பண்ணுங்க, அடியில யாரும் இருக்கக் கூடாது. பாதை எல்லாத்துலயும் ஆயில் போய் நிறைஞ்சா பேன்ல மட்டம் இறங்கும், இதைப் பண்ணாம பாத்த அளவுக்கு அர்த்தமே இல்ல.

ஏன் சூட்டைப் பத்தி இவ்வளவு பேசுறேன்னா, ஆயில் சூடேறினா வீங்கும். 8 லிட்டர் ஆயில் 50 டிகிரி கூடுதலா சூடேறினா கிட்டத்தட்ட 300 மில்லி பெருக்கும். டிப்ஸ்டிக்ல ஆட், ஃபுல்னு போட்டிருக்குற ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்குறதே பல வண்டியில அவ்வளவுதான். ஆக ஆறினப்போ ஃபுல் கோடு வரைக்கும் ஊத்தினீங்கன்னா சூடானதும் ஓவராயிடும். ஓவரானா என்ன, கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லதுதானேன்னு தோணும், ஆனா சுத்துற கியர் ஆயிலுக்குள்ள முங்கி அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும், நுரையில பிரஷர் நிக்காது, கிளட்ச் வழுக்கும், காத்துப்போற வழியா ஆயில் வெளிய கக்கும். கம்மியானாலும் பம்பு காத்தை உறிஞ்சி இதே கூத்துதான்.

டிப்ஸ்டிக் இருந்தா, 15-20 நிமிஷம் ஓட்டி நல்லா சூடேத்திட்டு, சமதளத்துல நிறுத்தி, பெரும்பாலான வண்டிகள்ல எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பி-யில வச்சுப் பாக்கணும். சில பழைய ஜீப்ல நியூட்ரல்ல வச்சுப் பாக்கணும். டிப்ஸ்டிக் இருக்குற ஹோண்டாக்கள்ல எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு 60-லிருந்து 90 செகண்டுக்குள்ள பாக்கச் சொல்லியிருக்கும். அதனால மேனுவல்ல அந்த ஒரு பக்கத்தையாவது படிங்க. துடைச்சு, உள்ள விட்டு, எடுத்து, ரெண்டு பக்கமும் பாருங்க, இப்பதான் குழாய் வழியா ஊத்தியிருப்பீங்க, அது சுவர்ல ஒட்டியிருந்து ஒரு பக்கம் அதிகமா காட்டும், அதனால கம்மியா காட்டுற பக்கத்தை நம்புங்க. ஆட் கோட்டுக்கு மேல ஃபுல்லுக்குக் கீழ நிக்குற வரைக்கும் கால் லிட்டர் கால் லிட்டரா ஊத்துங்க. கூட்டி ஊத்திட்டா திரும்ப எடுக்குறது பெரிய தலைவலி.

டிப்ஸ்டிக் இல்லைன்னா ஸ்கேனர் வேணும். இந்த வகையில அளவு பாக்குற ஓட்டை ஒன்னு இருக்கும், ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டுல இருக்கும்போது அந்த ஓட்டையோட விளிம்பு வரைக்கும் நிக்கணும்ங்கிறதுதான் கணக்கு. அந்த சூடு வண்டிக்கு வண்டி மாறும், பலதுல 35-லிருந்து 45 டிகிரி வாக்குல இருக்கும், அது கை பொறுக்குற சூடுதான், ஓட்டிட்டு வந்த வண்டி இதைத் தாண்டி எங்கயோ போயிருக்கும். அதனால முதல்ல ஆற விட்டுட்டு ஆரம்பிக்கணும். எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது ஓட்டை வழியா வழியுற வரைக்கும் ஊத்துங்க, பிளக்கை லேசா போடுங்க, ஸ்டார்ட் பண்ணி கியர் எல்லாம் போட்டு பி-க்கு வாங்க, ஸ்கேனர்ல சூடு ஏறுறதைப் பாத்துக்கிட்டே இருங்க, சொன்ன எண் வந்ததும் எஞ்சின் ஓடும்போதே பிளக்கைத் திறங்க. ஒன்னுமே வரலையா, கம்மியா இருக்கு, வழியுற வரைக்கும் பம்பால ஊத்துங்க. தாரையா கொட்டுதா, அதிகமா இருக்கு, கொட்ட விடுங்க. தாரை மெலிஞ்சு நூலாகி, சொட்டு சொட்டா மாறுற அந்த நேரத்துல பிளக்கைப் போட்டு மூடுங்க. இதுக்கு நடுவுல சூடு வரம்பைத் தாண்டிடுச்சுன்னா அடம் பிடிக்காதீங்க, அந்த சூட்டுல ஆயில் வீங்கி நிக்கும், வீங்கினதை வழிய விட்டு மூடினா ஆறினப்புறம் கம்மியாயிடும். ஆஃப் பண்ணி ஆற வச்சு மறுபடியும் முதல்லேர்ந்து பண்ணுங்க. நான் ஒரு தடவை இதுக்காகவே மூணு மணி நேரம் காத்துக்கிட்டு கிடந்தேன்.

அப்புறம்

மெதுவா ஒரு ரவுண்டு ஓட்டுங்க, எல்லா கியரும் மாறுற மாதிரி. ஒரு சில வண்டியில ஆயில் மாத்தினப்புறம் கம்ப்யூட்டருக்குப் புதுசா கத்துக்கொடுக்குற ஒரு வேலை மேனுவல்ல சொல்லியிருக்கும், அப்படி இருந்தா மட்டும் பண்ணுங்க. திரும்பி வந்து பேன் ஓரத்தை வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க, ராத்திரி அடியில ஒரு அட்டையை விரிச்சு வச்சுட்டு காலையில சொட்டு விழுந்திருக்கான்னு பாருங்க. நூறு கிலோமீட்டர் ஓடினப்புறம் அளவை இன்னொரு தடவை பாத்துட்டா நிம்மதி.

ஒரு தடவை இறக்கி ஊத்தினதுல மொத்த ஆயிலும் மாறிடாது, டார்க் கன்வெர்ட்டர்லயும் கூலர் குழாயிலயும் பாதிக்கு மேல பழசு அப்படியே இருக்கும். தடவைக்கு 40 சதவீதம் மாறுதுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டாவது தடவையில 64, மூணாவதுல 78 சதவீதம் புதுசாகும். அதனால ரொம்ப நாள் மாத்தாத வண்டின்னா ஃபில்டரை ஒரு தடவை மாத்திட்டு, சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில பிளக் வழியா மட்டும் இன்னும் ரெண்டு தடவை இறக்கி ஊத்துறது என் பழக்கம். மெஷின் வச்சு மொத்தமா அடிச்சுக் கழுவுற ஃப்ளஷ் பழைய வண்டிக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

பழைய ஆயிலை மூடி டைட்டா இருக்குற டப்பாவுல ஊத்தி, பழைய ஆயில் வாங்குற இடத்துல கொடுத்துடுங்க, கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதுல கலக்காதீங்க, கலந்துட்டா அவங்க வாங்க மாட்டாங்க. டப்பா மேல தேதி, கிலோமீட்டர், இறங்கின அளவு, ஊத்தின அளவு நாலையும் மார்க்கர்ல எழுதி, கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அந்த பேன் போட்டோவோட சேர்த்து வச்சுடுவேன், தனியா நோட்டு போட்டா எனக்கு எப்படியும் தொலைஞ்சு போயிடுது.